மடிக்கணினி கட்டாயமா? சுற்றறிக்கை விடும் முன் பள்ளி முடிக்க வேண்டிய வேலைகள்

"மாணவர்கள் அனைவரும் மடிக்கணினி வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு பள்ளி சுற்றறிக்கை விட அரைப் பக்கம் போதும். அடுத்த வாரமே ஒரு நாள் காலை எட்டே முக்காலுக்கு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மடிக்கணினி ஆன் ஆகாமல் கிடக்கும். ஒன்பது மணிக்குக் கணக்கு வகுப்பு; பயிற்சிகள் எல்லாம் திரையில்தான் இருக்கின்றன. அவள் யாரிடம் போய்ச் சொல்வது? எத்தனை நிமிடத்தில் மாற்று கைக்கு வரும்? நேற்றிரவு பாதி எழுதி வைத்த கட்டுரை அந்த மாற்றில் திறக்குமா?

இந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற பள்ளி கட்டாயமாக்கலாம். இல்லாத பள்ளி கட்டாயமாக்கக் கூடாது. பள்ளிகளில் இந்தச் சாதனங்களை அமைத்துக் கொடுத்துப் பழுதும் பார்ப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: கட்டாயம் என்ற சொல் பெற்றோரைக் கட்டுவதற்கு முன்னால் பள்ளியைக் கட்ட வேண்டும். பழுது என்று வந்த மாணவர் பத்து நிமிடத்தில் மாற்று மடிக்கணினியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் அளவுகோல் இந்தப் பத்து நிமிடம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதைச் சாத்தியமாக்கும் வேலைகள்.

முன்பு செய்து பார்த்தவர்கள்

'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தை 2005ல் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில், எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிகோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்தார். அதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்த நாடு பெரு. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட மதிப்பீட்டில், கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. மடிக்கணினி போய்ச் சேர்ந்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இணையம் போய்ச் சேரவில்லை. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்ற பயிற்சியும் ஆசிரியர்களுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2002ல் ஏழாம் வகுப்பில் தொடங்கியது. மாணவரோடு ஆசிரியருக்கும் கொடுத்தார்கள். பள்ளிக்கு வயர்லெஸ் வலைப்பின்னலும், ஆசிரியர் பயிற்சியும், பழுதுபார்ப்பும் ஒரே திட்டத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டுதான் எட்டாம் வகுப்பு. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013ல் ஐபேட் கொடுக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, மாணவர்கள் பள்ளி போட்டிருந்த கட்டுப்பாட்டு அமைப்பை (ப்ரொஃபைல்) அழித்துவிட்டு விருப்பப்பட்ட தளங்களுக்குப் போனார்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்வது நிறுத்தப்பட்டது. 2014ல் ஒப்பந்தமும் நின்றுபோனது.

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015ல் வெளியிட்ட அறிக்கையும், பள்ளிக் கணினிகளில் பெரிதாக முதலீடு செய்த நாடுகளில் பிசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வு மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை என்றுதான் சொன்னது. இதைப் படித்துவிட்டுக் கணினியே வேண்டாம் என்ற முடிவுக்கு நாங்கள் வரவில்லை. பெட்டியைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்த இடங்களில் பயன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எதைக் கேட்பது

கட்டாயமாக்கும் பள்ளி ஒரு மாடலின் பெயரை எழுதுவதைவிட, வேலைக்குத் தேவையான தகுதிகளை எழுத வேண்டும். எழுத்து வேலை செய்கிற வகுப்புகளுக்குத் தொடுதிரை மட்டும் உள்ள டேப்லெட் போதாது, கீபோர்டு வேண்டும். திரை 11 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ரேம் 8 ஜிபி. 4 ஜிபியில் ஓடும் என்று விற்பவர் சொல்வார். பாடநூல் ஒரு டேபிலும் காணொளி இன்னொன்றிலும் எழுதும் பக்கம் மூன்றாவதிலும் திறந்திருக்கும்போது 4 ஜிபி இயந்திரம் திணறும். விண்டோஸ் என்றால் சேமிப்பு 128 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 64 ஜிபியில் நிறுவல் நடக்கும், ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட்டுக்கு இடம் இல்லாமல் பாதியில் நிற்கும்.

பேட்டரிக்குப் பெட்டியில் பத்து மணி நேரம் என்று போட்டிருந்தால், வெளிச்சத்தைக் கூட்டி வைஃபையில் வேலை செய்யும் வகுப்பறையில் ஆறேழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. தினமும் பயன்படுத்தும் பள்ளியில் இரண்டரை மூன்று ஆண்டுகளில் அந்தக் கட்டம் வந்துவிடும். முதல் ஆண்டில் மாலை வரை தாங்கிய இயந்திரம் மூன்றாம் ஆண்டில் மதியமே படுத்துவிடும். பேட்டரியை மாற்ற முடிகிற மாடலா, அந்த பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இயக்க முறைமைக்கு எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஆதரவுப் பட்டியலில் உள்ள ப்ராசசரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான பழைய மடிக்கணினிகள் இந்த ஒரே காரணத்தால் வெளியே நின்றன. குரோம்புக்குகளுக்கு (கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினிகள்) 2021 முதல் வந்த தளங்களில் பத்தாண்டு அப்டேட் உண்டு. ஆனால் அந்தப் பத்தாண்டு வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. கடைசிக் கையிருப்பைத் தள்ளுபடியில் வாங்கினால் மூன்று நான்கு ஆண்டு முன்பே கரைந்திருக்கும். செட்டிங்ஸில் 'எப்போது வரை அப்டேட்' என்ற தேதி தெளிவாக இருக்கிறது. மாதிரி இயந்திரத்தைத் திறந்து அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எடையையும் பாருங்கள். பள்ளிப் பை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 3 கிலோ. மடிக்கணினி 1.3 கிலோ, சார்ஜர் 300 கிராம் என்றால் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. பாடநூலை வீட்டிலும் மடிக்கணினியைப் பையிலும் வைக்க வழி செய்யாமல் இரண்டையும் சுமக்கச் சொல்வது அந்த முதுகுக்குச் செய்யும் அநியாயம். சார்ஜரைப் பள்ளிக்குக் கொண்டுவரவே தேவையில்லாதபடி அமைத்தால் எடையும் குறையும், சார்ஜர் தொலைவதும் குறையும்.

மாணவர் கணக்கில் மென்பொருள் நிறுவும் உரிமை இருக்காது. தமிழ்99 விசைப்பலகை, யூனிகோட் எழுத்துருக்கள், தேவையானவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஆகியவற்றைக் கொடுக்கும் முன்பே ஏற்றிவிடுங்கள். தமிழ் ஆசிரியர் முதல் வகுப்பில் "கட்டுரையைத் தட்டச்சு செய்யுங்கள்" என்றதும் முப்பது பேரும் கையைத் தூக்கினால் அந்த வாரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

மின்சாரம்

முப்பது மடிக்கணினி, ஒவ்வொன்றுக்கும் 65 வாட் சார்ஜர்: மொத்தம் 1,950 வாட். 230 வோல்ட்டில் இது எட்டரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) தாங்கும் என்று கணக்குப் போட்டு முப்பதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வரிசையில் செருகி ஸ்விட்சைப் போட்டால் எம்சிபி விழுந்துவிடும். காரணம், சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும்; மின்சாரம் வந்த முதல் கணத்தில் ஒவ்வொன்றும் பல ஆம்பியரை இழுக்கும். முப்பதும் ஒரே கணத்தில் இழுத்தால், அது ஆயிரத்தில் சில பங்கு வினாடியே நீடித்தாலும் எம்சிபிக்கு ஷார்ட் சர்க்யூட் போலத்தான் தெரியும். 'லோடு அதிகம்' என்று எலக்ட்ரீஷியன் 32 ஆம்பியர் எம்சிபியாக மாற்றிவிட்டுப் போவார். அது ஆபத்து, வயர் பழையதே, இனி அது சூடானாலும் எம்சிபி விழாது.

சரியான வழி, ஆறு அல்லது எட்டு சாதனங்களாகப் பிரித்து, சில வினாடி இடைவெளியில் ஒவ்வொரு பகுதியாக உயிர்ப்பிப்பது. சார்ஜிங் டிராலி (பல மடிக்கணினிகளை அடுக்கி ஒன்றாக சார்ஜ் செய்யும் சக்கர அலமாரி) வாங்கினால் இந்த வரிசை முறை உள்ளதா என்று பாருங்கள். எலக்ட்ரீஷியனிடம், இப்படிப்பட்ட திடீர் இழுப்பை ஓரளவு தாங்கும் 'சி' வகை எம்சிபியும் தனி சர்க்யூட்டும் எர்த்திங்கும் கேளுங்கள். வயரின் தடிமனுக்கு ஏற்ற எம்சிபி மதிப்பை அவர் எழுதித் தரட்டும். டிராலியின் பின்பக்கம் சுவரை ஒட்டி நிற்கக் கூடாது; ஒரு சாண் இடைவெளியாவது விட்டால்தான் சூடு வெளியேறும்.

பேட்டரி உப்பினால் முதலில் டச்பேடில் தெரியும். கிளிக் ஆகாது, அல்லது ஒரு ஓரம் மேலே எழும்பியிருக்கும். மூடி சரியாக மூடாது. மாணவர் அமுக்கி மூடப் பார்ப்பார். அமுக்க விடாதீர்கள். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எரியாத தரையில் தனியாக வைத்து, பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். துளைப்பதும் வளைப்பதும் தீயில் முடியும். இந்த மூன்று அறிகுறிகளையும் முதல் நாளே எல்லா மாணவருக்கும் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

வலைப்பின்னல்: பெரும்பாலும் இங்கேதான் கவிழும்

வராந்தாவில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) வைத்தால் நான்கு வகுப்புக்குப் பகிரலாம் என்று தோன்றும். வராந்தாவில் தடையே இல்லாததால் அந்த ஆக்சஸ் பாயின்ட்டுகள் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று கேட்டுக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருக்கும். சிக்னலோ சுவரைத் தாண்டி வகுப்புக்குள் மெலிந்து போகும். வகுப்புக்கு ஒன்று, கூரையில், அறைக்குள்ளேயே வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுத்தடுத்து இருபது வகுப்பில் அதை வைத்து ஒப்பேற்ற முடியாது. மாணவர் சாதனங்களை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். சேனல் அகலம் 80 என்றிருப்பதை 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். அனுப்பும் சக்தியைக் குறையுங்கள். வேகம் குறையுமே என்று பயப்படுவார்கள். தனியாக ஒரு மடிக்கணினியை வைத்துச் சோதித்தால் குறையும்தான். அறுநூறு சாதனம் ஒரே கட்டடத்தில் பேசும்போது, இப்படிச் செய்தால்தான் எல்லோருக்கும் பேச முறை கிடைக்கும்.

ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மின்சாரம், வலைப்பின்னல் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து அதே கேபிளில் போகும். 24 போர்ட் ஸ்விட்ச் என்றதும் 24 ஆக்சஸ் பாயின்ட் மாட்டலாம் என்று நினைப்பது வழக்கமான பிழை. ஒவ்வொன்றும் 20 வாட் கேட்டால் 480 வாட். ஸ்விட்ச் மொத்தமாகத் தரக்கூடியது 370 வாட் என்றிருந்தால் பதினெட்டோடு சரி. மீதி ஆறும் உயிர் பெறாது, அல்லது வகுப்பு நிரம்பும் நேரத்தில் மட்டும் அணைந்து எழும். காலையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். பதினோரு மணிக்கு மூன்றாம் மாடி மட்டும் விழும். ஸ்விட்சின் மொத்த வாட் அளவு அதன் விவரக்குறிப்பில் இருக்கிறது. வாங்கும் முன் பெருக்கிப் பாருங்கள்.

அடுத்தது முகவரிப் பஞ்சம். வலைப்பின்னலில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் முகவரி (ஐபி) வேண்டும். சாதாரணமாக அமைத்த வலைப்பின்னல் 254 முகவரிகளைத் தரும். அறுநூறு மாணவர் உள்ள பள்ளியில் 254க்குப் பிறகு வருபவருக்கு வைஃபை இணைந்த மாதிரி தெரியும், எதுவும் திறக்காது. முகவரி வெளியை 1,022 ஆக விரித்தாலும் சில நாளில் மறுபடி அதே நிலை வரலாம். இன்றைய கைபேசிகளும் மடிக்கணினிகளும் தனியுரிமைக்காகத் தங்கள் மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) மாற்றிக் காட்டும்; மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு புது ஐபி முகவரி செலவாகும். வழங்கிய முகவரியை எட்டு நாள் பிடித்து வைத்திருக்கும்படி சர்வர் இருந்தால், போன வாரத்து நிழல்களே இந்த வார இடத்தை அடைத்துக்கொள்ளும். பிடித்து வைக்கும் காலத்தை எட்டு மணி நேரமாகக் குறையுங்கள். பள்ளி வலைப்பின்னலுக்கு மட்டும் மேக் மாற்றத்தை அணைக்கும்படி மாணவர் சாதனங்களில் அமைத்துவிடுங்கள். கைபேசிகளை வேறு வலைப்பின்னலில் தள்ளுங்கள்.

இணைய வேகத்துக்குக் கணக்கு எளிது: காணொளி பார்க்கும் வகுப்பில் ஆளுக்கு 2 முதல் 3 மெகாபிட். முப்பது பேருக்கு 60 முதல் 90. அதே காணொளியை ஆசிரியர் ப்ரொஜெக்டரில் ஒருமுறை போட்டால் 3 மெகாபிட்டில் முடியும். இது ஆசிரியர் பயிற்சியில் சொல்ல வேண்டிய விஷயம். திங்கள் காலை அப்டேட் வந்தால் ஒரு வகுப்பு மட்டுமே முப்பது ஜிபி இழுக்கும். ஒரு சாதனம் இறக்கியதை மற்றவை பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்குங்கள், அப்டேட்டை மாலைக்குத் தள்ளுங்கள். இணைப்பு நம்ப முடியாத இடத்தில் கொலிப்ரி, கிவிக்ஸ் போன்ற இலவச மென்பொருட்களை ஒரு சின்னக் கணினியில் ஏற்றிப் பள்ளிக்குள்ளேயே பாடங்களையும் விக்கிப்பீடியாவையும் தரலாம். வெளியே இணையம் போனாலும் வகுப்பு நிற்காது.

நீண்ட விடுமுறைக்குப் பின் ஒரு விசித்திரமான புகார் வரும்: வைஃபை இருக்கிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. வலைப்பின்னலைக் குடையாதீர்கள், மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக வற்றியதில் கடிகாரம் சில ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். அந்தத் தேதியில் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் சரியாகிவிடும். விடுமுறைக்கு முன் பாதி சார்ஜில் முழுமையாக அணைத்து வைத்தால் இதுவும் வராது, பேட்டரியும் கெடாது.

உடைவது எப்படி, மாற்றுவது எப்படி

திரை உடைவதற்குக் கீழே விழுவது மட்டும் காரணமில்லை. கீபோர்டு மேல் பென்சிலோ இயர்போனோ இருக்க மூடியை மூடுவது, திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவது, பைக்குள் தண்ணீர் பாட்டிலோடு நெருக்குவது எல்லாம்தான். சார்ஜர் வயரில் கால் மாட்டி இழுத்தால் சார்ஜிங் போர்ட் ஆடும். அந்த போர்ட் தனிச் சிறு பலகையில் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம்; மதர்போர்டிலேயே பற்ற வைத்திருந்தால் செலவு பல மடங்கு. வாங்கும் முன் இதைக் கேட்கிற பள்ளி மூன்றாம் ஆண்டில் நிம்மதியாக இருக்கும்.

திரை மாற்றுவதைப் பள்ளியிலேயே கற்றுக்கொள்ளலாம். பழகிய கைக்கு இருபது நிமிடம். முதலில் முழுமையாக அணைத்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்களின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் முறுக்கினால் மேலே கீபோர்டுத் தகட்டைக் குத்திவிடும். அடி மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பிறகு திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைப் பிளாஸ்டிக் நெம்பியால் உள் ஓரத்திலிருந்து எழுப்புங்கள். 'டக் டக்' என்று பிடிப்புகள் விடும். திரையின் மூலைகளில் நான்கு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அல்லது இழுத்தால் நீண்டு வரும் ஒட்டுப்பட்டை இருக்கும். கீபோர்டு மேல் துணி விரித்துத் திரையை முகம் கவிழ்ந்தபடி படுக்க வையுங்கள். பின்னால் மெல்லிய கேபிள். அதன் மேல் ஒட்டியிருக்கும் பட்டையை உரித்து, கம்பிப் பூட்டை நிமிர்த்தி, கனெக்டரைத் தரைக்கு இணையாக உருவுங்கள். மேல்நோக்கி இழுத்தால் பின்கள் வளையும். புதுத் திரையில் அதே வரிசையில் நேராகச் செருகிப் பூட்டி, பட்டையை ஒட்டி, பேட்டரியை இணைத்து, சட்டத்தை மூடும் முன் ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் இதைச் செய்தால் என்ன ஆகும்? அணைத்த நிலையிலும் பின்விளக்குக்கான வோல்ட்டேஜ் கேபிளில் இருக்கலாம். கனெக்டர் ஒரு பின் தள்ளிச் செருகப்பட்ட கணத்தில் மதர்போர்டில் உள்ள பொடி ஃப்யூஸ் போய்விடும். பிறகு புதுத் திரை போட்டாலும் இருட்டு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் படம் மங்கலாகத் தெரியும். திரை வாங்கும்போது பின் எண்ணிக்கையையும் பாருங்கள்: சாதாரணத் திரைகளுக்குப் பெரும்பாலும் 30 பின், தொடுதிரை சேர்ந்தவற்றில் பலவற்றுக்கு 40.

யார் வாங்குவது

பள்ளியே வாங்கிக் கொடுப்பதுதான் எங்கள் விருப்பம். எல்லாம் ஒரே மாடல், ஒரே சார்ஜர், ஒரே உதிரிபாகம். நூறு மடிக்கணினியில் இரண்டு முற்றிலும் செத்தால் அவற்றின் கீபோர்டும் கீலும் சட்டமும் இன்னும் ஐந்தைக் காப்பாற்றும். குடும்பங்கள் ஆளுக்கொன்று வாங்கி வந்தால் இந்த வசதி மொத்தமும் போய்விடும். வகுப்பில் ஒருவரிடம் போன வாரம் வந்த இயந்திரம், பக்கத்தில் இருப்பவரிடம் மாமா பயன்படுத்திவிட்டுக் கொடுத்த எட்டு வயது இயந்திரம். அந்தப் பிள்ளை மூடியைத் திறக்கவே கூச்சப்படும். இந்தக் கூச்சத்தை ஒரு பள்ளி தன் சுற்றறிக்கையால் உண்டாக்கக் கூடாது.

பெற்றோர் வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், பள்ளி சில உறுதிகளை எழுத்தில் தர வேண்டும். வாங்க முடியாத குடும்பத்துக்குப் பள்ளி கொடுக்கும் இயந்திரம் மற்றவர்கள் வைத்திருக்கும் அதே மாடலாக இருக்கும். 'இலவசம்' என்ற ஸ்டிக்கர் அதில் இருக்காது. தவறி உடைத்தால் தண்டனை கிடையாது. உடைத்ததற்குத் தண்டம் என்று அறிவித்த பள்ளிகளில், பிள்ளைகள் வெடித்த திரையை மறைத்துக்கொண்டு வாரக் கணக்கில் ஓரத்தில் தெரியும் இடத்தை மட்டும் வைத்துப் படிப்பார்கள். வீட்டில் இணையம் இல்லாதவருக்காக எல்லா வீட்டுப்பாடமும் இறக்கி வைத்துச் செய்யும்படி இருக்கும். அப்படி இருக்கிறதா என்று ஆசிரியர் தன் மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு வீட்டுப்பாடத்தைத் தானே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிடச் சோதனை. நிறையப் பிழைகள் இதில் சிக்கும்.

மடிக்கணினிகளைப் பள்ளி தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் மேலாண்மை மென்பொருளால் எதையெல்லாம் பார்க்க முடியும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் கொடுத்த மடிக்கணினிகளில், தொலைந்தால் கண்டுபிடிப்பதற்கென்று இருந்த மென்பொருள் மாணவர் வீட்டில் இருக்கும்போது கேமராவில் படம் எடுத்திருக்கிறது என்று 2010ல் வழக்கு வந்தது. 6,10,000 டாலருக்குச் சமரசமானது. தொலைவிலிருந்து கேமராவையும் மைக்கையும் இயக்கும் வசதியை முற்றாக அணையுங்கள். திரைக் கண்காணிப்பு பள்ளி நேரத்தில், பள்ளி வலைப்பின்னலில் மட்டும் ஓடட்டும்.

வகுப்புக்குள்

ஐந்தாம் வகுப்பு வரை தனி மடிக்கணினி தேவையில்லை. மூன்று வகுப்புக்கு ஒரு டிராலி போதும். ஆறு முதல் எட்டு வரை ஆளுக்கொன்று, ஆனால் பள்ளியிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். இது எங்கள் அனுபவ மதிப்பீடு. பிள்ளைகளைப் பார்த்து ஒரு வகுப்பு முன்பின் ஆக்கலாம்.

கனடாவில் நடந்து 2013ல் வெளியான ஓர் ஆய்வில், பாடம் கேட்கும்போதே மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்கள் தேர்வில் சுமார் 11 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். அந்தத் திரை கண்ணில் படும்படி பின்னால் உட்கார்ந்தவர்கள் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். ஒருவர் கவனம் சிதறினால் பக்கத்தில் இருப்பவர் இன்னும் அதிகமாக இழக்கிறார். ஆகவே ஆசிரியர் விளக்கும்போது எல்லா மூடியும் இறங்கியிருக்க வேண்டும். பாதி இறக்கினால் போதும். முழுக்க மூடினால் இயந்திரம் தூங்கிப்போய், மறுபடி லாகின் செய்ய ஐந்து நிமிடம் போகும். பெஞ்சுகளை 'ப' வடிவில் போட்டால் ஆசிரியர் நடுவில் நின்று எல்லாத் திரையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

நாற்பது நிமிட வகுப்பில் எட்டு நிமிடம் லாகினுக்கே போனால் ஐந்தில் ஒரு பங்கு பாடம் போயிற்று. மறந்த பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கும் உரிமையை வகுப்பாசிரியருக்கே, அவர் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும் கொடுங்கள். கணினி ஆசிரியரைத் தேடி மாணவர் மாடி மாடியாக அலையக் கூடாது.

மாற்று மேசை

நூறு மாணவருக்கு ஐந்து மாற்று மடிக்கணினி. மூன்றாம் ஆண்டிலிருந்து எட்டு. சார்ஜர் நூற்றுக்குப் பத்து. இவை நூலகத்திலோ அலுவலகத்திலோ சார்ஜில், அப்டேட் முடிந்த நிலையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் சீல் உடைக்காமல் இருந்தால் அந்தக் காலையில் அதனால் பயனில்லை. முதல் தடவை ஆன் செய்து அமைக்கவே ஒரு மணி நேரம் ஆகும். வெள்ளி மாலை ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

மாணவரின் கோப்புகள் இயந்திரத்திலேயே இருந்தால் மாற்று கொடுத்தும் பயன் குறைவு. எழுதுவதெல்லாம் தானாகப் பள்ளிக் கணக்கில் போய்ச் சேரும்படி அமைத்துவிட்டு, ஒரு மாணவர் கணக்கை வேறொரு மடிக்கணினியில் திறந்து நேற்றைய வேலை வருகிறதா என்று பாருங்கள். முதல் லாகினில் அந்த மாணவருக்கான அமைப்புகள் உருவாக நேரம் பிடிக்கும். எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள்.

ஒரு நோட்டு போதும்: தேதி, வகுப்பு, வந்த நேரம், மாற்றோடு போன நேரம், பழுதின் பெயர். மாத முடிவில் நேரங்களைக் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டிய வரிகளின் காரணம் பெரும்பாலும் ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். ஒரே பழுது ஐந்து முறை வந்திருந்தால் அது மாணவர் தவறு ஆகாது. மாடலின் குறை, உத்தரவாதம் முடிவதற்குள் விற்றவரிடம் கொண்டு போங்கள். மாற்றும் தீர்ந்துபோன நாளுக்காக, திரையில் நடக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் அச்சிட்ட தாள் ஒன்று அதே அலமாரியில் இருக்கட்டும்.

அலமாரிக்கு இரண்டு சாவி செய்து, ஒன்றை நூலகரிடமும் ஒன்றை அலுவலகத்திலும் கொடுங்கள். இரண்டு பேருமே காலை எட்டரைக்குள் வருகிறவர்களாக இருக்க வேண்டும்.